வேண்டுதலும் திருவுளமும்: கெத்செமனே மன்றாட்டு பற்றிய ஒரு திறனாய்வு

இறைவனை நோக்கி மனிதன் எழுப்பிய குரல்களுள் மிகப் பழையது 'தா' என்னும் குரலாகவே இருத்தல் வேண்டும். மழை தா, மகவு தா, பிணி தீர், பகை களை என்று வேண்டும் பாடல்கள் உலக மொழிகள் பலவற்றிலும் உள. தமிழ்ப் பக்தி இலக்கியமும் இத்தகைய வேண்டுதல்களைப் பெருக உடையது. எனினும், பக்தி முதிருந்தோறும் வேண்டுதலின் இயல்பு மாறுகிறது. பொருளை வேண்டியவன் அருளை வேண்டுகிறான். அருளை வேண்டியவன், ஈற்றில், தன் விருப்பத்தைப் பின்னே வைத்து, இறைவனின் விருப்பம் யாது என்று வினவத் தொடங்குகிறான். இம்மாற்றத்தைக் கிறித்தவ மறைநூல் எவ்வாறு ஓர் இலக்கியக் காட்சியாக வடித்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயேசு பெருமான் தம் மாணாக்கர்க்கு இருவகைப் பாடங்களைக் கற்பித்தார். கேட்பவர் பெறுவர், தட்டுபவர்க்குத் திறக்கப்படும் என்பது ஒன்று. நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்பவன் கதையையும், நீதி வேண்டி நடுவனை விடாது தொடர்ந்த கைம்பெண்ணின் கதையையும் லூக்கா நூலின் 11, 18 ஆகிய அதிகாரங்களில் அவர் கூறுகிறார். தந்தையாகிய இறைவனின் சித்தமே நிறைவேற வேண்டுமென இறைஞ்சுக என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் முரணாதோ? இறைவன் நினைத்ததே நடக்குமெனின், கேட்பது எதற்கு? கேட்டே ஆகவேண்டுமெனின், பணிவது எதற்கு? இவ்வினாக்களுக்குத் தருக்க முறையில் விடை கூறிய நூல்கள் பல. நற்செய்தி நூல்களோ ஒரு காட்சியால் விடை கூறுகின்றன. அக்காட்சி நிகழும் இடம் கெத்செமனே.

சொற்கள் காட்டும் வழி

காட்சிக்குள் புகுமுன், தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சில சொற்களைக் காண்பது பயனுடைத்து. 'செபம்' என்பது வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவம்; மெல்ல ஓதுதல், திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'விண்ணப்பம்' உயர்ந்தோரிடம் குறையை எடுத்துரைப்பது. 'மன்றாட்டு' மன்றில் நின்று முறையிடுவதை நினைவூட்டுவது. 'வேண்டுதல்' என்னும் சொல்லோ விரும்புதல், தேவைப்படுதல், இரந்து கேட்டல் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பது. நினைத்தது கைகூடின் இன்னது செய்வேன் என்னும் நேர்த்திக்கடனையும் மக்கள் 'வேண்டுதல்' என்றே வழங்குவர். மனிதனின் ஆசையும் அவனது வழிபாடும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதைத் தமிழ் இவ்வாறு காட்டிவிடுகிறது.

இறைவன் பக்கத்துக்குரிய சொற்கள் இரண்டு: 'சித்தம்', 'திருவுளம்'. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது. அதன் பின் வந்த சீர்திருத்தத் திருச்சபையாரின் பதிப்புகளில் 'சித்தம்' என்னும் சொல் நன்கு வேரூன்றியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'திருவுளம்' என்னும் சொல்லை ஏற்றது. இது சைவரும் வைணவரும் நெடுங்காலமாகப் போற்றிவரும் சொல். முடிவெடுக்க இயலாதபோது இறைவன் முன்னிலையில் எடுக்கும் சீட்டையும் 'திருவுளச்சீட்டு' என்றே தமிழர் அழைக்கின்றனர். 'திருவுளம்' என்பதில் 'உள்ளம்' இருத்தல் கருதத்தக்கது. உள்ளம் உடையவரிடத்தே பேசலாம், கேட்கலாம், மறுமொழி எதிர்பார்க்கலாம். ஊழிடத்தில் அது இயலாது.

கற்பித்த மன்றாட்டின் கட்டுக்கோப்பு

இயேசு கற்பித்த மன்றாட்டு மத்தேயு நூலின் 6ஆம் அதிகாரத்திலும், சுருங்கிய வடிவில் லூக்கா நூலின் 11ஆம் அதிகாரத்திலும் உளது. அதன் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதலில் தந்தை என்னும் விளி. அடுத்து, இறைவனைப் பற்றிய மூன்று வேண்டுதல்கள்: அவர் பெயர் தூயதெனப் போற்றப்படல், அவர் அரசு வருதல், அவர் திருவுளம் விண்ணிற்போல் மண்ணிலும் நிறைவேறல். பின்னரே மனிதரைப் பற்றிய வேண்டுதல்கள் வருகின்றன: அன்றாட உணவு, குற்றங்களுக்கு மன்னிப்பு, சோதனையினின்றும் தீமையினின்றும் காப்பு.

இவ்வரிசை மனித இயல்புக்கு மாறானது. பசித்தவன் வாயில் முதலில் எழுவது உணவு பற்றிய சொல்லே. ஆயினும் இம்மன்றாட்டு உணவை ஒதுக்கிவிடவில்லை. அதற்குரிய இடத்தில் வைக்கிறது. ஆசையைத் துறந்த பின்னரே இறைவனிடம் வருக என்று அது கூறவில்லை. ஆசையோடு வருக, ஆனால் எதனை முதலில் வைப்பது என்பதைக் கற்றுக்கொள்க என்றே கூறுகிறது. மேலும், இதில் தன்மை ஒருமைச் சொல் ஒன்றும் இல்லை. தந்தை எம் தந்தை. உணவு எம் உணவு. பிழை எம் பிழை. கார்த்தேசு நகரின் ஆயரான சிப்பிரியான் மூன்றாம் நூற்றாண்டில் இம்மன்றாட்டுக்கு வரைந்த விளக்கத்தில் இப்பன்மையை வற்புறுத்தினார். தனக்கென மட்டும் கேட்பவனுக்கு இதனைச் சொல்லவே நா எழாது என்பது இதனாற் பெறப்படும்.

லூக்காவின் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் திருவுளம் பற்றிய மூன்றாம் வேண்டுதல் இல்லை. ஆயின், அதே லூக்கா அவ்வேண்டுதலின் பொருளைக் கெத்செமனேக் காட்சியில் முழுமையாக வைத்துள்ளார். பாடமாக இல்லாதது வாழ்வாக அங்கே நிற்கிறது.

ஒரு தோப்பு, மூன்று குரல்கள்

எருசலேம் நகருக்குக் கிழக்கே, கெதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து, ஒலிவ மலையின் அடிவாரத்தில் உள்ள இடம் கெத்செமனே. எண்ணெய்ச் செக்கு என்பது அப்பெயரின் பொருள். இறுதி இராவுணவுக்குப் பின், காட்டிக்கொடுக்கப்படும் நேரம் அணுகிய வேளையில், இயேசு அங்கு வருகிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரை மட்டும் உடன் அழைத்துச் செல்கிறார். தம் உள்ளம் சாகுமளவு துயருற்றிருப்பதாக அவர்களிடம் சொல்கிறார். சற்று அப்பாற்சென்று தரையில் விழுந்து மன்றாடுகிறார். தமக்குரிய பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்பது வேண்டுதல். ஆயினும் தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே ஆகுக என்பது பணிவு.

இவ்வொரு வேண்டுதலை மூன்று நூலாசிரியரும் மூன்று விதமாகத் தொடங்குகின்றனர். மாற்கு, தந்தையால் எல்லாம் இயலும் என்னும் உறுதியோடு தொடங்குகிறார். வீட்டில் பிள்ளை தந்தையை அழைக்கும் 'அப்பா' என்னும் அரமேயச் சொல்லையும் அவரே காத்து வைத்துள்ளார். மத்தேயு, இயலுமாயின் என்று தொடங்குகிறார். லூக்கா, தந்தை விரும்பினால் என்று தொடங்குகிறார். முதலது இறைவனின் ஆற்றலை நோக்குகிறது. இரண்டாவது சூழலின் இயல்வரம்பை நோக்குகிறது. மூன்றாவது இறைவனின் உள்ளத்தை நோக்குகிறது. மாற்கின் தொடக்கமே நெஞ்சை மிகவும் உலுக்குவது. ஆற்றல் இல்லாதவரிடம் கேட்டுப் பெறாமற் போவதில் துயரம் குறைவு. எல்லாம் இயலும் என்று நம்பியவரிடம், அதுவும் 'அப்பா' என்றழைத்துக் கேட்டு, பெறாமற் போவதிலேயே துயரம் நிறைவு பெறுகிறது.

'பாத்திரம்' என்னும் உருவகமும் எண்ணத்தக்கது. எசாயா, எரேமியா ஆகிய இறைவாக்கினர் நூல்களில் இறைவனின் சினம் நிரம்பிய கிண்ணம் பேசப்படுகிறது. அவ்வுருவகத்தின் தொடர்ச்சியே இது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இதனைத் 'துன்பக் கிண்ணம்' என விளக்கி மொழிகிறது. எளிதில் விளங்குதல் அதனால் வரும் நன்மை. எனினும் உருவகத்தை உடைத்துப் பொருளை வெளியே எடுத்து வைத்தமையால், படிப்பவன் தானே உணர்ந்து பெறும் பயன் குறைகிறது. பழைய பதிப்பின் வெறும் 'பாத்திரம்' அவ்வகையில் ஆழமுடையது. உள்ளே இருப்பது யாதென அது சொல்வதில்லை. குடிக்கப் போகின்றவர் அறிவார்.

மும்முறை மன்றாட்டு

மத்தேயுவின் 26ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஒரு நுட்பத்தைக் காண்பர். மன்றாட்டு ஒருமுறையோடு முடியவில்லை. இயேசு திரும்பி வருகிறார், மாணாக்கர் உறங்குகின்றனர். மீண்டும் செல்கிறார். முதன்முறை அவர் வாயில் எழுந்தது, இயலுமாயின் இது நீங்குக என்பது. இரண்டாம் முறை எழுந்ததோ, இதனைக் குடித்தாலன்றி இது நீங்க இயலாதெனின் தந்தையின் சித்தப்படி ஆகுக என்பது. 'இயலுமாயின்' என்பது 'இயலாதெனின்' என்று மாறிவிட்டது. இரண்டுக்கும் இடையே வானிலிருந்து குரல் எதுவும் வந்ததாக மத்தேயு கூறவில்லை. அந்த மறுமொழியற்ற நேரத்திலேயே மாற்றம் நிகழ்கிறது. மாறியது சூழல் அன்று, மன்றாடுபவரின் வாக்கியம்.

இந்த இரண்டாம் வாக்கியத்தின் இறுதிப் பகுதி, அவர் முன்பு மாணாக்கர்க்குக் கற்பித்த மன்றாட்டின் மூன்றாம் வேண்டுதலே ஆகும். தந்தை என்னும் விளியும் அங்கிருந்து வந்ததே. சோதனைக்குட்படாதபடி விழித்திருந்து மன்றாடுமாறு மாணாக்கரிடம் சொல்வதும் அம்மன்றாட்டின் இறுதி வேண்டுதலை நினைவூட்டுகிறது. மலைமேல் கற்பித்த ஆசிரியர், தோப்பில் அப்பாடத்தின் வரிகளைத் தாமே வாழ்ந்து காட்டுகிறார். ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இதனினும் கூரிய அறிவுரை தேவையில்லை.

மூன்றாம் முறை அதே சொற்களைச் சொல்லி மன்றாடினார் என்கிறார் மத்தேயு. 6ஆம் அதிகாரத்தில் வீண்சொற்களை அலப்ப வேண்டாமென எச்சரித்தவரும் இவரே. இது முரணன்று. மிகுதியான சொல்லால் இறைவனை வளைத்துவிடலாம் என்னும் எண்ணமே அங்குக் கண்டிக்கப்படுகிறது. இங்கே ஒரே சொல் மும்முறை வருவது இறைவனை வளைப்பதற்கன்று. பணிய மறுக்கும் தம் மனித உள்ளத்தைப் பணிவிப்பதற்கு. பணிவு ஒருமுறை சொல்லி முடிந்துவிடுவதில்லை என்னும் உண்மையை இம்மும்மை உணர்த்துகிறது.

கம்பன் காட்டும் பணிவும் தோப்பின் பணிவும்

இக்காட்சியைத் தமிழ் மாணவர்க்கு விளக்குவதற்கு ஓர் ஒப்பீடு துணை செய்யும். கம்பராமாயணத்தில் தோய்ந்த குடும்பச் சூழலில், 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவராகப் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவியவர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை. சான் பனியனின் ஆங்கிலப் பயண நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. 'கிறித்தவக் கம்பர்' என்று அவர் போற்றப்படுகிறார். கம்பனின் காவிய நடையைக் கிறித்தவப் பொருளுக்கு அவர் இசைவித்ததால், இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழி தமிழில் முன்னமே திறக்கப்பட்டுவிட்டது எனலாம்.

கம்பனின் இராமன், நாடிழந்து காடேக வேண்டுமென்னும் ஆணையைச் சிற்றன்னை வாயால் கேட்கிறான். அவ்வேளையில் அவன் முகம் அன்றலர்ந்த தாமரையையும் வென்றது என்கிறான் கம்பன். தந்தையின் ஆணைக்குப் பணிவதில் இராமனுக்குப் போராட்டமே இல்லை. அஃது ஒரு நிறைமாந்தனின் பணிவு. கற்போர் உள்ளத்தில் வியப்பை விளைப்பது.

தோப்பில் காணும் மகனோ துயருறுகிறார், தரையில் விழுகிறார். அவர் வியர்வை இரத்தத் துளிகளைப்போல் நிலத்தில் விழுந்ததாக லூக்கா நூலில் உள்ள ஒரு பகுதி கூறுகிறது. பழைய படிகள் சிலவற்றில் அப்பகுதி காணப்படவில்லை. இவரும் தந்தையின் சொல்லுக்கே பணிகிறார்; எனினும் இப்பணிவு செக்கிலிட்டுப் பிழியப்பட்ட எண்ணெய் போன்றது. இவ்விரண்டனுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் திறனாய்வாகாது. முன்னது பணிவின் அழகைக் காட்டுகிறது. பின்னது பணிவின் விலையைக் காட்டுகிறது. முகம் வாடாமல் துன்பத்தை ஏற்க இயலாதவர் உலகில் மிகப் பலர். அவர்கள் தம் நிலையைத் தோப்பின் காட்சியில் எளிதில் இனங்காண்பர்.

தமிழ்க் கிறித்தவப் பக்திப் பாடல்களிலும் சொற்பொழிவுகளிலும் இக்காட்சி எடுத்தாளப்படும்போது ஒரு குறை நேர்வதுண்டு. நீங்குக என்னும் முற்பகுதியை விரைந்து கடந்து, ஆகுக என்னும் பிற்பகுதியை மட்டும் பாடிவிடுவர். பணிவு சிறக்கும் என்பது அவர் கருத்துப் போலும். ஆனால், எதையும் விரும்பாதவன் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. முற்பகுதியை நீக்கினால் பிற்பகுதி வெறும் வாய்பாடாகிவிடும். இதற்கு எதிரான குறையும் உண்டு: வேண்டும் பொருள்களை வரிசையாக அடுக்கி, ஈற்றில் சித்தம் பற்றிய ஒரு சொல்லை முத்திரைபோலக் குத்திவிடுதல். இரண்டும் மூலத்தின் சமநிலையை இழந்தவையே.

ஊழும் திருவுளமும்

திருவுளத்துக்குப் பணிதல் என்பது, எல்லாம் விதிப்படி என்று கைகட்டி இருத்தலோடு ஒன்றாகிவிடாதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. நோயுற்ற பிள்ளைக்கு மருந்து தேடாமலும், அநீதியை எதிர்த்துக் குரல் எழுப்பாமலும், இறைவன் சித்தம் என்று கூறி ஓய்ந்திருப்போர் எச்சமயத்திலும் உளர். வறியவனிடம் அவன் வறுமையே இறைவன் சித்தம் என்று வலியவன் கூறுவதும் உலகியல்பே. இவ்வாறு ஆளப்படும்போது தூய சொல்லும் கொடுமைக்குத் துணைபோகிறது.

மறைநூலின் சொல்லாட்சி இதற்கு இடந்தருவதாக இல்லை. திருவுளம் மண்ணில் நிறைவேறுக என்னும் வேண்டுதலே, அது மண்ணில் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. நடப்பதெல்லாம் திருவுளமே என்றால் அவ்வேண்டுதலுக்குப் பொருளில்லை. ஆகவே, பசியையும் அநீதியையும் கண்டு அமைதி கொள்வதற்கு அது பயிற்றவில்லை. அவற்றுக்கு மாறானதை நாடவே பயிற்றுகிறது. வள்ளுவர் ஊழின் வலியை ஓர் அதிகாரத்தில் கூறி, ஆள்வினையுடைமையை வேறோர் அதிகாரத்தில் போற்றியமை தமிழ் பயின்றோர் அறிந்ததே. திருவுளம் நாடும் மன்றாட்டிலும் அத்தகைய முயற்சிக்கு இடமுண்டு.

கேட்கப்பட்ட மன்றாட்டா?

ஈண்டு எழும் கடைசி வினா மிகக் கடினமானது. பாத்திரம் நீங்கவில்லை. அவ்விரவே இயேசு பிடிபட்டார். மறுநாள் சிலுவையில் மாண்டார். அவ்வாறாயின் அவர் மன்றாட்டு மறுக்கப்பட்டதா? எபிரேயர் மடலின் 5ஆம் அதிகாரம், அவர் கண்ணீரோடு மன்றாடினார் என்றும், அவர் பணிவின் பொருட்டுச் செவிசாய்க்கப்பட்டார் என்றும் கூறுகிறது. சாவினின்று தப்பாதவர் செவிசாய்க்கப்பட்டார் என்பது, செவிசாய்த்தல் என்னும் சொல்லின் பொருளையே விரித்துவிடுகிறது. கேட்டதைத் தருதல் மட்டுமன்று, கேட்டவரைத் தாங்குதலும் செவிசாய்த்தலே.

பவுல் அடிகளாரின் வாழ்விலும் இதுவே நிகழ்கிறது. தம் உடலில் தைத்த முள் என்று அவர் குறிப்பிடும் ஒன்று நீங்க வேண்டுமென மும்முறை வேண்டியதாகக் கொரிந்தியர்க்கு வரைந்த இரண்டாம் மடலின் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருள் கிட்டியது. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்கா வந்து சேர்ந்த புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு, மன்றாட்டைப் பற்றி அகுத்தீன் அடிகளார் ஒரு நீண்ட மடல் வரைந்தார். பவுலின் முள்ளையும் தோப்பின் மன்றாட்டையும் அதில் அவர் எடுத்துக்காட்டுகிறார். இறைவன் சில வேளைகளில் இரக்கத்தால் மறுக்கிறார். சில வேளைகளில் சினத்தால் தருகிறார் என்பது அவர் கருத்து. பாலை நிலத்தில் இறைச்சி கேட்டு முறுமுறுத்த இசுரயேலர்க்கு அது கிட்டியதையும், அதனால் விளைந்த கேட்டையும் அவர் நினைவூட்டுகிறார். நாடிழந்து, கணவனை இழந்து வந்த ஒருவருக்கு எழுதப்பட்டது என்பதால் அம்மடலின் ஆறுதல் எளிய ஆறுதலன்று.

நிறைவுரை

கேட்பதா, பணிவதா என்னும் வினாவோடு இவ்வாய்வு தொடங்கியது. இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளக் கெத்செமனே இடந்தரவில்லை. விருப்பம் மறைக்கப்படாமல் சொல்லப்படுகிறது. பின் அவ்விருப்பம் தந்தையின் உள்ளத்தின் கீழ் வைக்கப்படுகிறது. முன்னது இல்லையேல் மன்றாட்டு பொய்மையாகும்; பின்னது இல்லையேல் வணிகமாகும்.

காட்சியின் இறுதி வாக்கியமும் மறக்கத்தக்கதன்று. மும்முறை தரையில் விழுந்தவர், உறங்கும் மாணாக்கரை எழுப்பி, எழுந்து போகலாம் என்கிறார். ஓடித் தப்புவதற்கன்று, வருவோரை எதிர்கொள்வதற்கு. யோவான் நூலில், வாளை உருவிய பேதுருவிடம், தந்தை தந்த பாத்திரத்தைத் தாம் பருக வேண்டாவோ என்று வினவுகிறார். நீங்குக என்று கேட்கப்பட்ட அதே பாத்திரம் இப்போது தந்தை தந்ததாகிவிட்டது.

இப்பகுதியை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர், எச்சமயத்தவராயினும், நீதிமொழி ஒன்றை வருவித்து முடித்துவிடாமல், மூன்று நூல்களையும் அருகருகே வைத்து மாணவரைச் சொல்லாய்வு செய்யத் தூண்டுதல் நன்று. 'இயலுமாயின்' என்பதற்கும் 'இயலாதெனின்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை மாணவர் தாமே அளந்து அறிவராயின், கற்பித்தலின் பயன் கைகூடியதாகும்.